நடுவில் இருந்த பக்கங்கள்

1

ஆண்டுதோறும் இதே மாதத்தில், கடவுச்சீட்டையும் மருமகனின் உறுதிமொழிக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு, வதிவிட விசாவைப் புதுப்பிக்கப் போகிறேன். இது பன்னிரண்டாவது முறை. அம்பாசமுத்திரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பின், ஒரே மகள் கோமதியின் வீட்டுக்கு, கொழும்பு வெள்ளவத்தைக்கு, வந்து சேர்ந்தவன் நான். "அங்கேயும் தமிழ்தானே, அங்கேயும் கோவில்தானே, அது என்ன வெளிநாடு" என்று ஊரிலிருந்து நீங்கள் எல்லாம் தொலைபேசியில் கேட்கிறீர்கள். இன்னும் ஓராண்டு இருக்கலாமா என்று கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கேட்கிறவன் வெளிநாட்டில்தான் இருக்கிறான்.

படிவத்தில் தொழில் என்றொரு கட்டம் உண்டு. பத்து ஆண்டுகள் அதில் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எழுதினேன். சென்ற ஆண்டு மாணவர் என்று எழுதினேன். தடுப்புக்கு அப்பால் இருந்த சிங்களப் பெண், "சீயா, ஸ்டூடண்ட் த?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரியிடம் படிவத்தைத் தூக்கிக் காட்டினாள். சீயா என்றால் தாத்தா. அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அறுபத்தொன்பது வயதில் மாணவன்!

இந்த ஆண்டும் அவள்தான் இருந்தாள். முகத்தை நினைவில் வைத்திருந்தாள்.

"சீயா, எக்ஸாம் பாஸ் த?"

"நே, மிஸ்" என்றேன், இல்லை என்று.

அவள் உச்சுக்கொட்டினாள். முத்திரையைக் குத்தி நீட்டினாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்நகரின் மீது எனக்குப் பல அருவருப்புகள் உண்டு. மழை பெய்தால் காலி வீதி என்ற பெருஞ்சாலையின் ஓரம் பொங்கி வரும் சாக்கடை, தமிழ்க் கடையில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் வரும் பதில், கோவில் சந்நிதியில் கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் பக்தர் கூட்டம். அவற்றைப் பற்றி முன்பே எழுதிச் சலித்துவிட்டேன். இது வேறு. ஒரு பெண்ணின் ஆசிரிய வேலை என் நாக்கினால் போக இருந்தது. இந்த அருவருப்பில் பெரும்பங்கு என்மீது நானே கொண்டது.

2

கல்லூரி விளம்பரத்தைக் காட்டியவள் கோமதி. பாமன்கடைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். சனி, ஞாயிறுகளில் சமயமும் பண்பாடும் பற்றிய பட்டயப் படிப்பு.

"சும்மா வீட்டில இருந்து யோசிச்சுக்கொண்டு இருக்கிறதவிட இது நல்லம்தானே அப்பா. ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்றாள்.

இது என் மகளின் தமிழ். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். திருமணமாகி வந்து மூன்று ஆண்டுகளில் பேசுவதை விட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். கணவனிடம் கதைக்கட்டும், அண்டை அயலிடம் கதைக்கட்டும், என்னிடமுமா? ஒருநாள் கேட்டேவிட்டேன், ஊர்ப் பேச்சில் என்னோடு நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று. "எனக்கு இப்ப அது வராது அப்பா. நாடகத்தில நடிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அவளோடு இருக்க வந்தவன் நான். அவள் இந்த ஊரோடு போய்விட்டாள்.

ஆகவே கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே நூலகம் என்றால் புத்தக அடுக்குகளைக் கற்பனை செய்துகொண்டு போனேன். இரண்டு அலமாரிகள் இருந்தன. மற்றவை எல்லாம் இணையத்தில் இருக்கும் ஆய்வுத் தரவுத்தளங்கள் என்றார்கள். உலகத்து ஆய்விதழ்கள் அனைத்தும் அதற்குள் அடக்கம். நூலகப் பொறுப்பாளர் ரிஸானா என்ற பெண், தலைமுக்காட்டைச் சரிசெய்தபடியே என்னைக் கணினி முன் உட்காரவைத்தார்.

"அங்கிள், யூசர்நேம் நான் தாறது. பாஸ்வேர்ட் நீங்கதான் வைக்கணும். பெரிய எழுத்து ஒண்டு, இலக்கம் ஒண்டு, அடையாளம் ஒண்டு கட்டாயம்."

"சாமி பெயரை வைக்கலாமா?"

"வைங்க. ஆனா சாமிக்கும் ஒரு இலக்கம் போட்டாத்தான் இது உள்ளுக்கு விடும்."

வைத்தேன். உள்ளே விட்டது. பதிகம் என்று தமிழில் எழுதித் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. எத்தனை தலைமுறை நாவில் வைத்துக் காத்த சொல்! தேடல் கட்டத்துக்குக் கீழே, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள் என எனக்கே அறிவுரை வேறு. ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னார் ரிஸானா. எழுதினேன். முதலில் வந்தது நெற்பயிர் நோய் ஒன்றைப் பற்றிய கட்டுரை. ஏன் வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, ரிஸானாவுக்கும் தெரியவில்லை. ஒரே சொல்லை ஆறு விதமாக எழுதி ஆறு முறை தேடிய பிறகே, சிவன் கோவிலில் பாடப்படும் பாட்டுகளின் பக்கம் அந்த இயந்திரம் திரும்பியது.

திரும்பிய பின் கண்டது அதைவிடக் கசப்பு. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பருகிலும் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் போதும், நூற்பட்டியலில் சேர்க்க வேண்டிய வரி கட்டுரையாளர் பெயரோடும் பக்க எண்ணோடும் தானாகத் தயாராகிவிடும். கட்டுரையைத் திறக்கவே வேண்டியதில்லை. எங்கள் விரிவுரையாளர் தயாபரன், ஒவ்வோர் ஒப்படைக்கும், அதாவது நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும், குறைந்தது பதினைந்து மேற்கோள்கள் வேண்டும் என்று விதித்திருந்தார். என் சக மாணவர்கள், பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள், வரிசையாகப் பதினைந்து முறை பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு தரிசனம் ஆயிற்று என்று திரும்புகிறவர்கள்! எனக்கு உடம்பு கூசியது. ரிஸானாவிடம் சொன்னேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் அங்கிள்" என்றார். "திறந்து வாசிச்சாங்களா இல்லையாண்டு எனக்கு இதுல தெரியும். நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்."

3

ஊரில் பதிகம் பாடிய முறையை இங்கே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், பொத்தானை அழுத்தாத நான் எப்படிப் பொத்தானை அழுத்தியவர்களைவிடக் கீழே போனேன் என்பது விளங்காது.

ஒரு பதிகத்தில் பெரும்பாலும் பதினொரு பாட்டுகள். எங்கள் ஊர்க் கோவிலில் மார்கழி விடியலில் பாடும் குழுவில் நான் நாற்பது ஆண்டுகள் இருந்தேன். தீபாராதனைக்குள் நான்கு சந்நிதி முடிக்க வேண்டும். குளிரில் பட்டர் அவசரப்படுவார். எனவே முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் பாடுவோம். முதற்பாட்டில் தலமும் பண்ணும் வந்துவிடும். கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும், பாடுவோர்க்கு வரும் பயனும் வந்துவிடும். இரண்டையும் பாடினால் பதிகம் முழுவதும் பாடியதாகக் கணக்கு. குறை என்று யாரும் சொன்னதில்லை. இறைவனும் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று என்று மாறி, நடத்துநர் "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட" என்று முன்னால் போகச் சொல்லி முதுகில் தள்ள, கொட்டாஞ்சேனைக் கோவிலொன்றுக்குப் போவேன். அங்கும் அதே வழக்கத்தில் பாடினேன். கேட்டவர்கள் கைகூப்பினார்கள். இந்தியாவிலிருந்து வந்த பெரியவர் பாடுகிறார் என்று ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பிவைத்தார்கள். நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

4

இரண்டாம் ஆண்டின் பெரிய ஒப்படைக்குத் தயாபரன் எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுத்தார்: கொட்டாஞ்சேனைக் கோவில்களில் பதிகம் பாடும் வழக்கத்தை வளர்த்தவர்கள் யார்? எனக்கு இதைவிட ஏற்ற பொருள் ஏது. பள்ளி விடுமுறைக் காலம் அது; தினமும் காலையில் நூலகத்துக்குப் போனேன்.

அடுத்த நாற்காலியில் செல்வராணி. முப்பத்தெட்டு வயது; கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கிய குடும்பம். தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆண்டு முடிவதற்குள் பட்டயத்தைக் காட்டினால் அவளது வேலை நிரந்தரமாகும். காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரைப் போடுவோம் என்று பள்ளி நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அவள் பொத்தானை அழுத்துகிறவள் அல்லள். ஒரு கட்டுரையைத் திறந்தால் மடியில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படிப்பாள். நான் கேலி செய்வேன்.

"இந்த வேகத்துல போனா, ஒப்படை கொடுக்கறதுக்குள்ள உங்களுக்கு ஓய்வூதியம் வந்துரும்மா."

"மொதல்ல சம்பளம் நிரந்தரமாகட்டும் மாஸ்டர், ஓய்வூதியத்த அப்புறம் பாக்கலாம்" என்று சிரிப்பாள்.

என் வேகம் வேறு. ஒரு கட்டுரையின் முதற்பக்கத்தைப் படிப்பேன், முடிவுரையைப் படிப்பேன், குறிப்பு எடுப்பேன், அடுத்ததற்குப் போவேன். முதற்பாட்டும் கடைசிப் பாட்டும்! என் மனத்தில் ஒரு சிறு உறுத்தல்கூட எழவில்லை. திறக்காமலே மேற்கோள் எடுப்பவர்களைப் பார்த்துக் கூசிய அதே உடம்பு, இதைப் படிப்பு என்றே நம்பியது. நான்கு நாளில் பதினைந்து மேற்கோள் சேர்ந்துவிட்டது.

அவற்றில் ஒன்று கொட்டாஞ்சேனையைப் பற்றியது. ஆங்கிலக் கட்டுரை, எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். பதிகம் பாடும் வழக்கத்தைப் படித்த குடும்பங்களே கொண்டுவந்து காத்தன, கூலி வேலை செய்தோர்க்கு அதில் பங்கில்லை என்ற கருத்து முதற்பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், தம் வீடுகளைத் திறந்து பழைய ஏடுகளைக் காட்டிய குடும்பங்களுக்கு நன்றி இருந்தது. இரண்டும் பொருந்தின. எடுத்துக்கொண்டேன்.

செல்வராணி தன் திரையிலிருந்து தலையைத் திருப்பிக் கேட்டாள். "மாஸ்டர், எங்க ஏரியா பேர் போட்ட கட்டுரை ஒண்ணு பட்டியல்ல இருக்கே. அது என்னா சொல்லுது? எங்கப்பா ஆளுக பாடினதப் பத்தி ஏதாவது இருக்கா?"

"அது உங்களுக்கு உதவாதும்மா. படிச்ச குடும்பங்கதான் பாடுனதாம். மூட்டை தூக்கறவங்களுக்கு அதுல பங்கு இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு."

"நீங்க படிச்சிட்டீங்களா?"

"படிச்சாச்சு, படிச்சாச்சு."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தக் கட்டுரையைத் தன் பட்டியலிலிருந்து நீக்கினாள்.

5

முடிவு வந்தது. வகுப்பில் எனக்கே முதலிடம். தயாபரன் என் ஒப்படையைத் தூக்கிக் காட்டி, "இந்த வயசில மாஸ்டர் எவ்வளவு வாசிச்சிருக்கிறார் எண்டு பாருங்கோ. வெக்கப்படுங்கோ எல்லாரும்" என்றார். நான் தலையைக் குனிந்து, பெருமையை அடக்கத்தின் உள்ளே மறைத்து, வாங்கிக்கொண்டேன்.

செல்வராணி தேறவில்லை. துறைமுகத் தொழிலாளர் வேலை முடிந்து கோவிலில் கூடிப் பதிகம் பாடினார்கள் என்று, தன் தகப்பனார் சொன்னதை வைத்து எழுதியிருந்தாள். சான்றுக்கு அவரது வாய்ச்சொல் மட்டுமே. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் இருந்ததை அவளே எனக்குக் காட்டினாள்: தந்தையின் நினைவு சான்றாகாது, ஆய்வுலகின் முடிவு இதற்கு மாறானது. என் ஒப்படையிலிருந்த அதே கட்டுரையின் பெயரை அதற்கு ஆதாரமாகத் தயாபரன் போட்டிருந்தார்.

"பரவால்ல மாஸ்டர்" என்றாள். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

அந்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோவிலில் ஒலிவாங்கியின் முன் நின்று, முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் பாடி முடித்தேன். திருநீறு வாங்கத் திரும்பியபோது, தூணருகில் செல்வராணி நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு முதியவர். கழுத்துக்குக் கீழே தோள் ஒரு பக்கம் தாழ்ந்து காய்த்திருந்தது.

"அப்பா, இவருதான் எங்க மாஸ்டர்" என்றாள்.

அவர் பெயர் மாரிமுத்து. கும்பிட்டார். "நல்லாப் பாடினீங்க சாமி. கொரலு கணீர்னு இருக்கு" என்றார். பிறகு தயங்கினார்.

"கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நடுவுல ஒம்பது பாட்டு கெடக்குங்களே?"

"நேரம் பத்தாது பாருங்க" என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும். செல்வராணி தகப்பனாரின் கையை மெல்ல இழுத்தாள்.

"வா போகலாம்னு இழுக்குறா. எங்களுக்கு மூட்டை எறக்கி முடிச்சா நேரந்தான் சாமி. கப்பலு எங்க போகப் போவுது."

அவர் தூணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து, இரண்டாம் பாட்டிலிருந்து, பாடத் தொடங்கினார். பல் போன வாய். சுருதி ஏறி இறங்கியது. ஒலிவாங்கியை யாரும் அவர் பக்கம் திருப்பவில்லை. பிழை கண்டுபிடிக்கவே காதைக் கொடுத்து நின்றேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஒன்பது பாட்டிலும் ஒரு சொல் பிசகவில்லை. ஏழாம் பாட்டு எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் பாடியபோது, முன்பு எப்போதோ பார்த்த ஒருவர் முகம்போல் அது எனக்குத் தோன்றியது.

மூட்டை தூக்கியவர்களுக்கு இதில் பங்கில்லை என்று எழுதி முதலிடம் வாங்கியிருந்தேன்.

6

மறுநாள் காலை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். அந்தக் கட்டுரையைத் திறந்து இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்தினேன். அப்பக்கத்தின் முதல் வரி: இது பரவலாக நம்பப்படுவது, ஆனால் பிழையானது.

இருபத்திரண்டு பக்கங்கள். துறைமுகத் தொழிலாளர்கள் எங்கே கூடினார்கள், யார் தாளம் போட்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கி எப்படி முழுப் பதிகங்களையும் மனப்பாடம் செய்தார்கள் என்று, பக்கம் பக்கமாக இருந்தது. முதற்பக்கத்தில் இருந்தது மறுப்பதற்காக எடுத்து வைத்த கருத்து. கடைசிப் பக்கத்து நன்றி வெறும் நன்றி. என் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் செய்யுளின் பொருளை முழுதும் படித்துச் சொல் என்று பிரம்பைக் காட்டியவன் நான்! கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

செல்வராணி வந்ததும் அவளைக் கூப்பிட்டு இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். அகராதி தேவைப்படவில்லை.

"அன்னிக்கு உங்ககிட்ட கேட்டேன்ல மாஸ்டர். தெரியல, முழுசாப் படிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே படிச்சிருப்பேன். மூணு நாளு ஆகியிருக்கும். அவ்வளவுதானே?"

அவள் மூன்றாம் பக்கத்துக்கு நகர்த்தினாள்.

"முடிவு வந்த அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்டப் போயி, நெசமாவே நீங்கள்லாம் பாடினீங்களாப்பான்னு கேட்டேன். சந்தேகப்பட்டுக் கேட்டேன் மாஸ்டர். அவரு வெள்ளிக்கெழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன்னு மட்டும் சொன்னாரு."

அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தன் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, மூன்றாம் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் தயாபரனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஸ்டர், உண்மையைச் சொல்லுறன். நானும் அதைத் திறந்து பாக்கேல்லை. நீங்கள் போட்டிருந்தனீங்கள். உங்களை மாதிரி ஒராள் வாசிக்காமல் போடுவாரோ எண்டு நம்பி, அதையே அவவின்ரை தாளிலையும் எழுதிப்போட்டன்."

"நானும் திறந்து பார்க்கல."

"அப்ப ரெண்டுபேரும் பாக்கேல்லை" என்று சொல்லி அவர் சிரித்தார். பகிர்ந்துகொள்ளும் சிரிப்பு. ஒரே அழுக்கில் கால் வைத்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அந்த அறையில் இருந்த குளிரூட்டியின் பூஞ்சை வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

"புள்ளிகள் எல்லாம் மேலிடத்துக்குப் போயிட்டுது. பேசாமல் விடுங்கோ மாஸ்டர். அவ அடுத்த வருசம் திருப்பி எழுதலாம்தானே."

"அடுத்த வருஷம் அவளுக்கு வேலை இருக்காது, சார்."

"உங்கட பட்டயமும் போயிடும். யோசிச்சனீங்களோ?"

யோசித்தேன். சென்ற ஆண்டு அந்தக் கண்ணாடித் தடுப்பில் இனித்த சிரிப்பையும், ஊரில் உங்களுக்கெல்லாம் அனுப்புவதற்கென்று வைத்திருந்த பட்டமளிப்புப் படத்தையும் யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு முழு நாள் யோசித்தேன். பிறகே நடந்ததை எழுதிக் கல்லூரிக்குக் கொடுத்தேன்.

7

கல்லூரியில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு; இதற்கும் இருந்தது. என் ஒப்படை தள்ளுபடி. நான் இந்த ஆண்டு தேறவில்லை. என் நூலகக் கணக்கு மூடப்படும். செல்வராணி பத்து நாளுக்குள் திருத்திய ஒப்படையைக் கொடுக்கலாம். ஆனால், பிழையான தகவலைத் தந்தவர் திருத்திய ஒப்படையைப் படித்துப் பார்த்து, அப்பிழை நீங்கிவிட்டது என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். இந்த விதியை வகுத்தவர் யாரோ, எனக்காகவே வகுத்திருக்கிறார்.

பத்தாம் நாள், கல்லூரி அலுவலகம் மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கையில், கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சிற்றுண்டிச்சாலையில் என்னைச் சந்தித்தாள். நூலகத்துக்குள் நுழைய எனக்கு இனி அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள், நம் ஊர் நோட்டுப் புத்தகங்கள், ஒரு பை நிறைய இருந்தன. முப்பத்தோரு பக்கத் தாள்கட்டை மேசைமேல் வைத்தாள். நான் பேனாவை எடுத்துக் கட்டின் அடியிலிருந்து கடைசிப் பக்கத்தை உருவினேன்.

அவள் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்தாள்.

"வாசிச்சிட்டுப் போடுங்க மாஸ்டர்."

"நேரமாகுதேம்மா. ஆபீஸ் மூடிருவாங்க."

"மூடட்டும். இல்ல, மூடுறதுக்குள்ள வாசிங்க. நான் கொப்பி திருத்துறேன்."

படித்தேன். எழுபது வயதை நெருங்குகிறவன், ஆசிரியையின் முன் உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கும் மாணவனைப்போல், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினால் மட்டும் அவளது சிவப்புப் பேனா நின்றது. நூற்பட்டியலில் மேற்கோள்கள் எட்டுத்தான்; இந்த முறை தயாபரன் பதினைந்து கேட்கவில்லை. முதல் பெயர் மாரிமுத்து. துறைமுகத் தொழிலாளர், கொட்டாஞ்சேனை, நேர்முகம். அந்த ஆங்கிலக் கட்டுரைக்கு இரண்டாம் இடம். கட்டுரையாளர் தவறவிட்ட இரண்டு பதிகங்களை அவள் தகப்பனாரிடமிருந்து கேட்டு எழுதிச் சேர்த்திருந்தாள்.

பத்தொன்பதாம் பக்கத்தில் என் கண் நின்றது.

இந்தியாவிலிருந்து வந்த, நல்ல குரலுடைய முதியவர் ஒருவர் இக்கோவிலில் பாடிவருகிறார். அவர் முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டுமே பாடுகிறார். நடுவிலுள்ள பாட்டுகளை இன்றும் முழுமையாகப் பாடுவோர் ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளர் சிலரே.

மூன்று வாக்கியங்கள். ஒன்றிலும் பிழையில்லை.

"இது நான்தானே?" என்றேன்.

"ஆமா மாஸ்டர். பேரு போடல." கொப்பியில் ஒரு சரி போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "போடவா?"

வேண்டாம் என்றுதான் என் நாக்கு எழுந்தது. இந்தக் கதையில் என் நாக்கு செய்தவை போதும். அவளிடமிருந்து பேனாவை வாங்கி, முதியவர் ஒருவர் என்பதற்குமேல் என் பெயரை முன்னெழுத்தோடு நானே எழுதினேன். எஞ்சிய பன்னிரண்டு பக்கங்களையும் படித்த பின் கையெழுத்திட்டேன். அலுவலகம் மூட ஏழு நிமிடம் இருந்தது. அவள் மாடிப்படியில் ஓடினாள்.

8

செல்வராணி தேறினாள். வேலை நிரந்தரமாயிற்று. சொன்னவர் ரிஸானா. செல்வராணி என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. கோவிலில் பார்த்தால் கும்பிடுகிறாள். மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை.

தேறிய ஒப்படைகளைக் கல்லூரி, கையால் எழுதிய திருத்தங்களையும் தட்டச்சில் சேர்த்து, தன் தரவுத்தளத்தில் ஏற்றிவைக்கும். இந்தச் செய்தியையும் ரிஸானா கோமதிக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். விசா புதுப்பித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது, என் மகள் கைப்பேசியோடு வாசலுக்கே வந்தாள்.

"அப்பா, உங்கட பேரைப் போட்டுத் தேடினா வருது! இஞ்ச பாருங்கோ. நல்ல குரலுடைய எண்டு எழுதியிருக்கு. நான் ஊர் குரூப்பில எல்லாருக்கும் அனுப்பிட்டன்."

திரையில் என் பெயரும், அதை ஒட்டி ஒன்றரை வரியும் தெரிந்தன. மிச்சத்தைக் காண, ஒரு முறை விரலால் தொட வேண்டும்.

"தொட்டுப் பாத்தியா?" என்றேன்.

"பாக்கத்தானே போறன் அப்பா. அடுப்பில கறி கிடக்கு."

அன்றிரவுக்குள் உங்களிடமிருந்து முப்பத்திரண்டு வாழ்த்துகள் வந்துவிட்டன. கூப்பிய கைகள், மலர்க்கொத்துகள், தாமிரபரணிக்கே பெருமை என்ற வரி. அத்தை மகன் ஒருவர் அதை அச்சிட்டுக் கோவில் பலகையில் ஒட்டப் போவதாக எழுதியிருக்கிறார். உங்களில் ஒருவர்கூட அதைத் தொட்டுத் திறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவையும் நானே எழுத வேண்டியிருந்தது. பலகையில் ஒட்டுவதானால் பத்தொன்பதாம் பக்கத்தை ஒட்டுங்கள். மூன்று வாக்கியங்களையும் சேர்த்து.